யமஹா ஆர்15 வி3-ல் வெளியிலிருந்து வாங்கி மாட்டிய குயிக் ஷிஃப்டர்: முதல் கியரிலிருந்து ஏற்றும்போது ஏன் நியூட்ரலில் விழுகிறது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வண்டி யமஹா ஆர்15 வி3. கிளட்ச் பிடிக்காமல் கியர் ஏற்ற உதவும் குயிக் ஷிஃப்டர் கிட் ஒன்றை, அதாவது கியர் லிவரையும் கியர் ஷாஃப்டையும் இணைக்கும் லிங்க் ராடில் மாட்டும் ஸ்ட்ரெயின் கேஜ் சென்சாரையும், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை வெட்டும் மாட்யூலையும் வாங்கிப் பொருத்தியிருக்கிறீர்கள். மேல் கியர்கள் ஓரளவு விழுகின்றன. முதலிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நாலில் ஒரு தடவை நியூட்ரலில் நிற்கிறது. மேடு பள்ளத்தில் எஞ்சின் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது. மெக்கானிக் கட் டைமை, அதாவது காயிலை வெட்டி வைக்கும் நேரத்தை, 65 மில்லிசெகண்டிலிருந்து 120 வரை ஏற்றியும் சரியாகவில்லை. ‘மாட்யூல் போலியா, கழற்றிப் போட்டுவிடலாமா’ என்பது கேள்வி. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: கியரை மாற்றுவது யார், அந்தப் பெட்டியா, உங்கள் காலா? அதற்குப் பதில் தெரிந்தால் உங்கள் வண்டியின் இரண்டு கோளாறுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய் முடியும்.

குயிக் ஷிஃப்டர் கியரை மாற்றுவதில்லை. பைக் கியர்பாக்ஸில் எல்லாப் பல்சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. எந்த ஜோடி சக்கரத்துக்கு இழுவையைக் கடத்த வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் தடித்த முனைகள். மெக்கானிக்குகள் அவற்றை டாக் என்பார்கள். எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போது அந்த டாக்குகள் எதிர்ச்சக்கரத்தின் குழியில் அழுந்திப் பிடித்திருக்கும். அவற்றின் முகத்தைச் சற்று உள்பக்கம் சாய்த்து வெட்டியிருப்பார்கள் என்பதால், இழுவை கூடக்கூடப் பிடியும் இறுகும். நீங்கள் லிவரை எவ்வளவு தூக்கினாலும் அந்தப் பிடி தளராமல் டாக் வெளியே வராது. கிளட்ச் பிடிப்பது அந்த அழுத்தத்தை எடுக்கத்தான். குயிக் ஷிஃப்டர் அதே வேலையை, ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியைச் சில மில்லிசெகண்ட் நிறுத்திச் செய்கிறது. பிடி தளரும் அந்த இடைவெளியில் டாக்கை இழுத்து அடுத்த குழியில் தள்ள வேண்டியது உங்கள் கால்.

இப்போது முதல் கியரின் பிரச்சினைக்கு வருவோம். லிவரைத் தூக்கும்போது உள்ளே திரும்பி டாக்குகளை நகர்த்துவது ஷிஃப்ட் டிரம். ஆறு கியர் வண்டியில் அது ஒவ்வொரு கியருக்கும் 60 டிகிரி திரும்பும். டிரம்மின் முனையில் நட்சத்திர வடிவத் தகடு ஒன்று இருக்கிறது. அதன் பள்ளங்களில் ஸ்பிரிங் போட்ட ஒரு உருளை வந்து உட்காருவதால்தான் கியர் நிற்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே மட்டும் ஆழமில்லாத ஒரு கூடுதல் பள்ளம் உண்டு. அதுதான் நியூட்ரல். மற்ற கியர்களில் பாதி தூக்கிவிட்டால் உருளை ஏதாவது ஒரு பக்கம் சரிந்துவிடப் பார்க்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் பாதி தூக்கினால் அது நியூட்ரலில் நிம்மதியாக உட்கார்ந்துவிடும். ஆக, நாலில் ஒரு தடவை நியூட்ரல் விழுகிறது என்றால் அந்த நாலில் ஒரு தடவை டிரம் 60-க்குப் பதில் 30 டிகிரிதான் திரும்பியிருக்கிறது. இதில் சந்தேகம் இல்லை. ஏன் பாதியில் நின்றது என்பதில்தான் ஊகம் வருகிறது.

என் முதல் சந்தேகம் சென்சாரின் சென்சிட்டிவிட்டி மீது. மேடு பள்ளத்தில் தானாகவே கட் ஆகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே அதற்கு ஆதாரம். ஷூ லிவருக்கு அடியில் லேசாகத் தொட்டபடி இருக்க, வண்டி குலுங்கும் அந்தச் சின்ன அழுத்தத்துக்கே மாட்யூல் பொறியை வெட்டுகிறது. கியர் மாற்றும்போதும் அதே கதைதான். கால் இன்னும் முழு பலத்தோடு தூக்க ஆரம்பிக்கவில்லை; அதற்குள் கட் வந்துவிடுகிறது. பிடி தளர்ந்த முதல் கியர் டாக் சுலபமாக வெளியே வந்துவிடும், அதற்குப் பெரிய பலம் வேண்டாம். ஆனால் டிரம்மை நியூட்ரல் பள்ளத்தைத் தாண்டித் தள்ள அந்த லேசான தொடுதல் போதாது. நின்றுவிடுகிறது. சென்சார் கூடுதல் அழுத்தம் வந்த பிறகே பேசும்படி வைத்தால், கட் விழும் நேரத்தில் கால் ஏற்கெனவே ஸ்பிரிங் போல இறுகி நிற்கும். பிடி தளர்ந்ததும் டிரம் ஒரே வீச்சில் 60 டிகிரி போய்விடும். கட் டைமை ஏற்றியதில் பலன் கிடைக்காததற்குக் காரணமும் இதுதான். நேரம் கொடுத்தீர்கள், பலம் கொடுக்கவில்லை.

120 மில்லிசெகண்டை இன்றே இறக்கிவிடுங்கள். நாலு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டரில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரிகிறது. 9000 ஆர்பிஎம்-ல் அந்த இடைவெளி சுமார் 13 மில்லிசெகண்ட். 65 வைத்தால் ஏறக்குறைய ஐந்து எரிப்பு நிற்கும், 120 வைத்தால் ஒன்பது. பொறியை மட்டும் வெட்டும் மாட்யூலில் இன்ஜெக்டர் தன் பாட்டுக்குப் பெட்ரோலைப் போட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், அந்த ஒன்பது தடவையின் எரியாத கலவையும் சைலன்சருக்குத்தான் போகிறது. ‘படார்’ சத்தம் சிலருக்குப் பிடிக்கும். உள்ளே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பிடிக்காது. போதாததற்கு, கட் தேவைக்கு மேல் நீண்டால் எஞ்சின் வேகம் அடுத்த கியருக்குத் தேவையானதை விடக் கீழே விழுந்து, பொறி திரும்பும்போது வண்டி முன்னால் குனிந்து பிறகு உதைத்துக்கொண்டு கிளம்பும். குனிந்து உதைத்தால் நேரம் அதிகம். கியர் விழும்போதே சுத்தியலால் அடித்தது போல ‘டங்’ என்றால் நேரம் குறைவு. இந்த இரண்டையும் காலும் இடுப்பும் பிரித்துச் சொல்லும், மீட்டர் தேவையில்லை.

எவ்வளவு வைக்கலாம்? ஆர்15 வி3-ல் முதல் கியர் விகிதம் 2.833, இரண்டாவது 1.875. 9000-ல் மாற்றினால் எஞ்சின் சுமார் 5950-க்கு இறங்க வேண்டும், அதாவது 3000 சுற்று. ஐந்தாவது 0.957, ஆறாவது 0.840. அதே 9000-லிருந்து சுமார் 7900-க்கு வந்தால் போதும், 1100 சுற்றுதான். முதல் மாற்றத்துக்கும் கடைசி மாற்றத்துக்கும் ஒரே நேரம் எப்படிப் பொருந்தும்? கியர்வாரியாக நேரம் வைக்கும் வசதி இருந்தால் ஒன்றிலிருந்து இரண்டுக்கு 80-85, நடுவில் 70-75, ஐந்திலிருந்து ஆறுக்கு 60-65 என்று தொடங்குங்கள். ஒரே எண்தான் வைக்க முடியும் என்றால் 75-ல் வைத்து, ஒரு தடவைக்கு ஐந்து ஐந்தாக மட்டும் மாற்றுங்கள். இவை தொடங்கும் இடங்கள்தான். லிங்க் ராடின் தளர்வு, உங்கள் காலின் வேகம், கிளட்ச் பழசு புதுசு எல்லாம் சேர்ந்து பத்து மில்லிசெகண்ட் இப்படியோ அப்படியோ தள்ளும். மாட்யூல் வேலை செய்யத் தொடங்கும் குறைந்தபட்ச ஆர்பிஎம்-ஐ 4000-க்குக் கீழே வைக்காதீர்கள். அந்த வேகத்தில் ஒரு எரிப்புக்கும் அடுத்ததற்கும் 30 மில்லிசெகண்ட் இடைவெளி. 65-ல் இரண்டு எரிப்பு நிற்கலாம், மூன்றும் நிற்கலாம். லிவரைத் தூக்கிய கணம் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்தது அது. ஒரு தடவை வெண்ணெய் போல விழுந்து அடுத்த தடவை உதைப்பதற்கு இதுவே காரணம். அதற்கு எந்த செட்டிங்கும் மருந்தில்லை.

செட்டிங்கைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்தாக வேண்டும். சென்சார் பிளக்கை மட்டும் கழற்றிவிடுங்கள், மாட்யூல் இருக்கட்டும். பழையபடி கிளட்ச் பிடித்து இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள், முதலிலிருந்து இரண்டுக்கு எத்தனை தடவை நியூட்ரல் விழுகிறது என்று எண்ணுங்கள். கிளட்ச் பிடித்தும் விழுகிறது என்றால் குற்றவாளி எலெக்ட்ரானிக்ஸ் இல்லை. லிவர் உயரம், லிங்க் ராடு, கியர் ஷாஃப்ட் பக்கம் தேட வேண்டும். இதே ஓட்டத்தில் பள்ளத்தில் எஞ்சின் சாகிறதா என்றும் பாருங்கள். சென்சார் இல்லாமலும் செத்தால் மாட்யூலோ காயில் ஒயரிங்கோதான். சாகவில்லை என்றால் சென்சார், அதன் ஒயர், ராடு. ஒரே ஓட்டத்தில் பாதிக் காரணங்கள் கழிந்துவிடும். ஆனாலும் பலர் இதைச் செய்யாமல் நேராக மொபைல் ஆப்பைத் திறந்து எண்ணை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து ராடு. சென்சார் மாட்டுவதற்கு முன் இருந்த நீளத்தை, ஒரு பால் ஜாயிண்ட் நடுவிலிருந்து இன்னொன்றின் நடு வரை, அளந்து வைத்திருந்தீர்களா? பெரும்பாலான கிட்களில் ராடைக் குட்டையாக்கி நடுவில் சென்சாரைக் கோப்பார்கள். மொத்த நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறினாலே லிவர் முனை அதைவிடக் கூடுதலாக ஏறியோ இறங்கியோ நிற்கும். லிவர் இறங்கிவிட்டால் ஷூ அடியில் நுழைய இடமில்லாமல், தூக்கும் வீச்சு பாதியில் முடிந்துவிடும். உங்கள் கோளாறுக்கு இது இரண்டாவது சந்தேகம். ஃபுட்பெக்கில் காலை வைத்துக் கட்டைவிரல் லிவருக்கு அடியில் இயல்பாக நுழைகிறதா, தூக்கி முடித்த பிறகும் கணுக்காலில் இன்னும் கொஞ்சம் வீச்சு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீளத்தைச் சரிசெய்ய லாக் நட்டைத் தளர்த்தும்போது கவனம். ராடின் ஒரு முனை வழக்கமான மரை, மறுமுனை ரிவர்ஸ் திரெட். அதனால்தான் ராடைத் திருப்பினால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கூடவோ குறையவோ செய்கிறது. ரிவர்ஸ் பக்க நட்டை வழக்கம்போல ‘தளர்த்த’ முயன்றால் இன்னும் இறுகும், வலுக்கட்டாயம் செய்தால் மரை போகும். ஒவ்வொரு முனையிலும் குறைந்தது ஆறு மில்லிமீட்டர், முடிந்தால் எட்டு மில்லிமீட்டர் மரை உள்ளே இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் ராடு ஒருநாள் சாலையில் கழன்று, இருந்த கியரிலேயே வீடு வர வேண்டியதாகும். நட்டை இறுக்கும்போது ஒரு ஸ்பேனர் சென்சாரின் உடம்பில் இருக்கும் தட்டையான பகுதியைப் பிடித்திருக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப வேண்டும். ஸ்ட்ரெயின் கேஜ் என்பது உலோகம் மயிரிழை அளவு நீளுவதையும் சுருங்குவதையும் அளக்கும் பொருள். அதை முறுக்கிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. உள்ளே சூன்யப் புள்ளி நகர்ந்துவிடும், அதற்குப் பிறகு லேசாகத் தொட்டாலே கட் ஆகும், அல்லது எவ்வளவு தூக்கினாலும் ஆகாது. எம்6 மரைக்கு ஏழெட்டு நியூட்டன் மீட்டர் போதும். சின்ன ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் பலம்தான் அது.

இறுக்கி முடித்ததும் ராடை விரல்களால் பிடித்து அதன் அச்சிலேயே முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். இரண்டு பால் ஜாயிண்டும் ஒரே தளத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு லேசாக ஆடும். ஒரு பக்கம் ஆடி மறுபக்கம் கட்டை போல நின்றால், ஜாயிண்டுகள் முறுக்கிக்கொண்டிருக்கின்றன, சென்சார் சும்மா இருக்கும்போதே பாரம் சுமக்கிறது என்று அர்த்தம். நட்டைத் தளர்த்தி நேர்செய்யுங்கள். துருப்பிடித்த ஜாயிண்டும், கிரீஸ் வற்றிய லிவர் பிவட்டும் இதே வேலையைத்தான் செய்யும். சாவி போட்டதும் அப்போதைய அழுத்தத்தையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் மாட்யூல்களும் உண்டு. லிவரில் காலை வைத்தபடி சாவி திருப்பும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

சென்சார் எந்தத் திசைக்குப் பேச வேண்டும் என்பதும் ஒரு குழப்பம். லிவரைத் தூக்கும்போது ராடு இழுபடுகிறதா, அழுந்துகிறதா என்பது லிவர் அமைப்பைப் பொறுத்தது. வண்டி நின்றிருக்க, எஞ்சின் அணைந்திருக்க, ஒரு கையால் லிவரைத் தூக்கி, ராடின் மறுமுனையில் இருக்கும் ஷாஃப்ட் ஆர்ம் லிவர் பக்கம் வருகிறதா விலகுகிறதா என்று பாருங்கள். ராடு அந்த ஆர்மை இழுத்தால் ‘புல்’, தள்ளினால் ‘புஷ்’. மாற்றி வைத்திருந்தால் கியரை இறக்கும்போது கட் ஆகும். உங்களுக்கு மேல் கியர்கள் விழுவதால் திசை சரியாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு திசைக்கும் வேலை செய்யும் ‘போத்’ அமைப்பில் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அப்படியிருந்தால் லிவர் மேல் பாதத்தை வைத்தபடி பள்ளத்தில் இறங்கினாலும் எஞ்சின் சாகும். உங்கள் வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிள்தான். கீழிறக்கும்போது தானாக எஞ்சினை முறுக்கிக் கொடுக்க எந்த வழியும் இல்லை. ஆகவே கியர் ஏற்றுவதற்கு மட்டும் வையுங்கள். இறக்கும்போது கிளட்ச்.

சென்சாரைக் கழற்றியும் எஞ்சின் சாவது நிற்கவில்லை என்றால் ஒயரிங். மாட்யூலின் எர்த் ஃபிரேம் போல்ட்டில் இருந்தால் பிடுங்கி நேரே பேட்டரி நெகட்டிவில் போடுங்கள். பெயிண்ட் மேல் மாட்டிய எர்த் வெயிலில் ஒன்று சொல்லும், மழையில் ஒன்று சொல்லும். சென்சார் ஒயர் ஸ்பார்க் பிளக் கேபிளுக்குப் பக்கத்தில் ஓடக் கூடாது. ஸ்ப்ராக்கெட் கவர் அருகில் டை போட்டுக் கட்டும்போது லிவர் முழு வீச்சும் ஆட ஒயரில் தளர்வு விடுங்கள். காயிலுக்குப் போகும் ஒயரை அறுத்து வெறும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் அதை முதலில் சாலிடர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடச் சொல்லுங்கள். அந்த இணைப்பு ஆடினாலே பள்ளத்தில் எஞ்சின் சாகும், குயிக் ஷிஃப்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. சந்தேகப்படும் ஒயரை ஆட்டிப் பார்க்க வண்டியை ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில், குறைந்தபட்ச ஆர்பிஎம்-க்கு மேலே பிடித்துக்கொண்டு ஆட்டுங்கள். ஐடிலில் ஆட்டினால் மாட்யூல் சென்சாரைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, எல்லாம் சரி என்று தோன்றும்.

‘மாட்யூல் போலியா’ என்ற கேள்விக்கு ஒரு அடையாளம் சொல்லலாம். காயில் மின்னேற்றம் ஆகிக்கொண்டிருக்கும்போது அதன் மின்சாரத்தைப் பாதியில் அறுத்தால் அந்த இடத்திலேயே, தவறான நேரத்தில், ஒரு பொறி விழும். நல்ல மாட்யூல் அந்த ஏற்றம் முடியும்வரை காத்திருந்து அடுத்ததிலிருந்து வெட்டும். மட்டமானது கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். கியர் மாற்றும்போது சைலன்சரில் சின்னதாக ஒரு ‘பட்’ இருந்தால் இயல்பு. சத்தம் ஏர் ஃபில்டர் பெட்டி பக்கமிருந்து, இருமல் போல வந்தால் மாட்யூலைச் சந்தேகியுங்கள். இன்னும் மலிவான சில கிட்கள் காயிலைத் தொடாமல் கில் ஸ்விட்ச் லைனை வெட்டும். அப்படிப்பட்டதை மாட்டவே கூடாது, ஒவ்வொரு கியருக்கும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ-வுக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் போய் வரும். அடுத்த மாடலான வி4-ல் கம்பெனியே தரும் சென்சாரை வாங்கி மாட்டினால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. சென்சார் சொல்வதைக் கேட்டு வெட்டும் புரோகிராம் ஈசியூ-வுக்குள் இருக்க வேண்டும், வி3-ன் ஈசியூ-வில் அது இல்லை.

ஓட்டும் முறையிலும் ஒன்றைச் சரிபாருங்கள். லிவரைத் தூக்கும்போது பழக்கதோஷத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மூடுகிறீர்களா? மூடினால் எஞ்சின் இழுப்பதை விட்டு வண்டியைப் பின்னால் பிடிக்க ஆரம்பிக்கும். டாக்குகள் மறுபக்க முகத்தில் அழுந்திக்கொள்ளும். அந்த நேரத்தில் பொறியை வெட்டினால் பிடி தளராது, எஞ்சின் பிடிப்புதான் கூடும். பாதிக்கு மேல் திறந்த ஆக்சிலேட்டரை அசைக்காமல் பிடித்து, லிவரை ஒரே வீச்சாகத் தூக்கி, கியர் விழுந்ததும் காலை முழுக்க விலக்க வேண்டும். லிவர் தன் இடத்துக்குத் திரும்பினால்தான் உள்ளே இருக்கும் கொக்கி அடுத்த கியருக்குத் தயாராகும், மாட்யூலும் அடுத்த கட்டுக்குத் தயாராகும். சிட்டி டிராஃபிக்கில் முதலிலிருந்து இரண்டுக்குக் கிளட்ச்சையே பயன்படுத்துங்கள். செட்டிங் சரியாக இருந்தாலும், குறைந்த வேகத்தில், பாதி ஆக்சிலேட்டரில் அந்த ஒரு மாற்றம் இதமாக வராது. கிட்டைக் குறை சொல்ல அது காரணமாகாது.

எழுத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாத ஒன்று டாக்குகளின் நிலை. பல மாதம் தப்பான கட்டோடு ஓட்டியிருந்தால் முனைகள் உருண்டிருக்கலாம். லிவரைத் தொடாமல், இரண்டாம் கியரில் முழு இழுவையில் போகும்போது கியர் தானாகக் கழன்று எஞ்சின் கத்தினால் அது அந்த அறிகுறி. அப்போது செட்டிங் எதுவும் பலிக்காது. கிராங்க் கேஸைப் பிரித்துத்தான் டாக்கையும், அதை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கையும் பார்க்க முடியும். அதுவரை சென்சார் பிளக்கைக் கழற்றியே வைத்திருங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் கிட்டைக் கழற்ற வேண்டியதில்லை. முதலில் பிளக் கழற்றிய ஓட்டம், பிறகு ராடு நீளமும் முறுக்கும், பிறகு சென்சிட்டிவிட்டியை இப்போதிருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு படியாகக் குறைத்து, பள்ளத்தில் சாவது நின்ற பிறகும் இன்னும் ஒரு படி குறைக்க வேண்டும். அதற்குப் பிறகே மில்லிசெகண்ட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைத் தாளில் எழுதுங்கள். சோதனை ஓட்டத்துக்குக் காலியான நேர்ச்சாலை வேண்டும். சென்னைப் பக்கம் இருந்தால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், கோவைப் பக்கம் என்றால் கரி ஸ்பீட்வேயில் டிராக் நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் இரண்டு லாக் நட்டையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுங்கள். முதல் தடவை அவை கொஞ்சம் தளர்ந்திருப்பது சகஜம்.